நாலு பிளக்கிலும் கரி

"நானும் வர்றேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டாள் மனைவி.

"ஒர்க் ஷாப்புக்கு நீ எதுக்கு? ஒரே எண்ணெயும் கிரீஸுமா இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும். நேத்து சிக்னல்ல வண்டி உதறின உதறல்ல எனக்கே குளிர் ஜுரம் வந்த மாதிரி ஆயிடுச்சு. என்ன ஏதுன்னு நானும் கேக்கறேன்."

இவளுக்கு எதிலும் மூக்கை நுழைத்தாக வேண்டும். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தைவிட பயம்தான் அதிகம்.

வேலை போய் ஏழு வாரம் ஆகிவிட்டது. வீட்டில் மூச்சு விடவில்லை. காலை எட்டரைக்கு டை கட்டி, டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பினால், நேராகப் பக்கத்திலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் கார் பார்க்கிங்தான். அங்கே ஒருவன் நாள் முழுக்கக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பாவம், உள்ளே யாருக்கோ முடியவில்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள். ஏசியைப் போட்டுக்கொண்டு போனில் வேலை தேடுவான். ஆறு மணிக்குக் களைத்துப்போய் வீடு திரும்புவான். அந்தக் களைப்பு மட்டும் நடிப்பில்லை.

மெக்கானிக் பேனட்டைத் திறந்துவைத்து, எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"மிஸ்ஸிங் அடிக்குது சார். ஸ்பார்க் பிளக்தான் போயிருக்கும். சாதா பிளக் போடட்டுமா, இரிடியம் போடட்டுமா? இரிடியம்னா விலை கூட, ஆனா ரொம்ப நாள் உழைக்கும்."

"இரிடியமே போடுங்க," என்றான் அவன் தோரணையாக.

"சாதாவே போதும் அண்ணா," என்றாள் மனைவி.

"உனக்கு என்ன தெரியும்? சும்மா இரு."

"சாதா போட்டாலும் வண்டி ஓடும்தானே அண்ணா?"

"ஓடும்மா, நல்லாவே ஓடும்."

"அப்போ அதையே போடுங்க."

மூன்றாம் மனிதர் முன்னால் மானத்தை வாங்குகிறாளே என்று பல்லைக் கடித்தான். நல்ல வேலையில் இருப்பவன் பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது? தனக்கு வேலையே இல்லை என்பது ஒரு நிமிஷம் அவனுக்கே மறந்துபோயிருந்தது.

"எஞ்சின் சூடா இருக்கு. கொஞ்சம் ஆறட்டும், கழட்டிடலாம்," என்று மெக்கானிக் வேறொரு வண்டியைப் பார்க்கப் போனார்.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். அடுக்கி வைத்திருந்த டயர்களை எண்ணினான், பாதியில் விட்டுவிட்டு மறுபடி எண்ணினான். மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாக மெக்கானிக் வந்து பிளக்குகளைக் கழற்றி, பழைய பேப்பரின் மேல் வரிசையாக வைத்தார். நாலிலும் ஒரே கரி.

"வண்டி தினம் எங்க சார் போகுது?"

"ஆபீசுக்குத்தான். ஹைவேல நாப்பது கிலோமீட்டர்," என்றான். குரல் அவனுக்கே சரியாகப் படவில்லை.

மெக்கானிக் ஒரு பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஹைவேல ஓடுற வண்டின்னா முனை பிஸ்கட் கலர்ல இருக்கும் சார். இது வேற கதை. ஒரே இடத்துல நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு மணிக்கணக்கா உக்காந்தாதான் இப்படிக் கரி பிடிக்கும். யார் சார் அப்படி உக்கார்றது?"

அவன் சட்டென்று மனைவியைப் பார்த்தான். ஏதாவது சொல்ல வேண்டும். பெட்ரோல் சரியில்லை என்று சொல்லலாமா?

மனைவி எழுந்து வந்தாள். ஒரு பிளக்கை எடுத்து, கரியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"நான்தான் அண்ணா."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"இவர் ஆபீஸ் விட்டு வந்ததும் வண்டிய நான் எடுத்துட்டுப் போயிடுவேன். பொண்ணுக்கு நீச்சல் கிளாஸ். அது முடியற வரைக்கும் ஏசியைப் போட்டுக்கிட்டு உள்ளேயே உக்காந்திருப்பேன்."

"என்னம்மா நீங்க, படிச்சவங்களே இப்படிப் பண்ணலாமா? எஞ்சின் என்னத்துக்கு ஆகும்? நல்ல வேளை, பிளக்கோட போச்சு."

"தப்புதான் அண்ணா. இனிமே பண்ண மாட்டேன்."

மெக்கானிக் விடவில்லை. புதுப் பிளக்குகளைப் போட்டு முடிக்கிற வரை அவளைத் திட்டிக்கொண்டே இருந்தார். அத்தனையையும் அவள் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டாள். அவனுக்கு அங்கே நிற்கவே கூசியது.

வேலை முடிந்தது. மெக்கானிக் சாவியை அவளிடம் நீட்டினார்.

"ஒரு ரவுண்டு நீங்களே ஓட்டிப் பாருங்கம்மா. வித்தியாசம் தெரியும்."

"இவரே ஓட்டட்டும் அண்ணா. எனக்குக் கையெல்லாம் கரி," என்று சாவியை அவன் கையில் திணித்துவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள்.

அவன் உட்கார்ந்தான். சாவியைப் போட்டான், திருப்பவில்லை.

"உனக்கு... எப்படி..."

"கணக்கு முடிக்க வரச் சொல்லி உங்க ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு போன் வந்து மூணு வாரம் ஆச்சு. நீங்களா சொல்வீங்கன்னு காத்திருந்தேன்." அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "எங்கயோ கார்ல உக்காந்து தனியா சாப்பிட்டது போதும். நாளையிலேர்ந்து வீட்டுலயே சாப்பிடுங்க."

அவன் கண்கள் நிறைந்துவிட்டன. எதிரே எதுவும் தெரியவில்லை.

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம். மொதல்ல வண்டிய எடுங்க," என்றாள் அவள் மெதுவாக. "அவர் பாத்துக்கிட்டே நிக்கறார். எனக்கு டிரைவிங்கே தெரியாதுன்னு கண்டுபிடிச்சிடப் போறார்!"