அம்மா வந்தாச்சு

கடைப் பையோடு வாசலில் நின்றேன். பூட்டு தானாக விடுபட்டது. கூடத்தில் விளக்கு எரிந்தது.

"அம்மா வந்தாச்சு" என்றது வீடு.

மாடியிலிருந்து தடதடவென்று டெஸ்ஸா ஓடிவந்தாள். நான்கு வயது. என்னைக் கண்டதும் நின்றாள். மேலே திரும்பிவிட்டாள்.

என் அக்கா லரிஸாவை அடக்கம் செய்த மறுநாளிலிருந்து இதுதான். அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஹாலிஃபாக்ஸிலிருந்து வந்திருந்தேன். நான் வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் வீடு இப்படிச் சொன்னது. குழந்தை ஒவ்வொரு முறையும் ஓடிவந்தாள்.

கனடாவில், சஸ்கட்டூன் நகரத்தின் ஓரத்தில் புதிதாக எழுந்த வீடுகளில் அதுவும் ஒன்று. பூட்டு, விளக்கு, ஹீட்டர் எல்லாம் கட்டியவர்களே இணைத்துக் கொடுத்தவை. எதை நிறுத்தினால் அது வாயை மூடும் என்று எங்களுக்குப் புரியவில்லை. அக்காவின் கணவர் ட்ரென்ட் அவளுடைய போனை அணைத்துப் பார்த்தார். அவள் வேலையிலிருந்து வரும் நேரம் எங்காவது பதிந்திருக்கிறதோ என்று தேடினார். கடைசியில் கம்பெனி ஆளை வரச் சொன்னோம்.

வந்த டுவேன் பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சுவர்த் திரையைத் தட்டினார்.

"கோளாறு ஒண்ணும் இல்லீங்க. வாசல் காமிரா மூஞ்சியப் பாத்துதான் சொல்லுது. உங்களப் பதியாம விட்டுட்டாங்க, அதான். எங்க வீட்ல என் மாமியாரக் கூரியர்காரன்னு சொல்லுது. நான் திருத்தவே இல்ல."

என்னை வெளியே நிறுத்தி, தொப்பியையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றச் சொன்னார். குளிரில் கண்ணில் நீர் வந்தது.

இந்த முகம் ஏற்கெனவே இருக்கிறது என்றது திரை.

டுவேன் மறுபடி முயன்றார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏங்க, அம்மான்னு பதிஞ்சிருக்கிறது நீங்கதானே?"

பள்ளி முடிந்ததும் நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு நாட்டின் மறுகோடிக்குப் போய்விட்டேன். அதன் பிறகு யாரும் எங்களை மாற்றிக் கூப்பிட்டதில்லை. நானும் லரிஸாவும் இரட்டையர் என்பதே பழைய பேச்சாகிவிட்டது. காமிரா முடியைப் பார்க்கவில்லை.

"பழச அழிச்சாத்தான் உங்களப் பதிய முடியும். அழிச்சிடவா?"

ட்ரென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்ததிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்ளே வந்தேன். படியின் நடுவில் டெஸ்ஸா நின்றிருந்தாள். இந்த முறை யாரும் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை.

என்னையே பார்த்தாள்.

"கண்ணாடியப் போட்டுக்கோ, சித்தி" என்றாள்.