புள்ளியின் கல்யாண மொய்

புள்ளிக்குக் கல்யாணம் என்று அணில் வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து காக்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. புள்ளி ஒரு குயில். ஆனாலும் காக்கையின் கூட்டில் பொரிந்து, அவள் ஊட்டிய இரையில் வளர்ந்தவள். குயில் குரல் வெளிப்பட்ட அன்றே, "இது நம்ம பிள்ளை இல்லை" என்று காக்கையின் கணவன் கொத்தி விரட்டிவிட்டான். காக்கை தடுக்கவில்லை.

"எவ்வளவு மொய் வைக்கிறது?" என்று காக்கை கேட்டாள்.

"பக்கத்து மரத்துக்காரங்களுக்கு வைக்கிற மாதிரி அஞ்சு கடலை வை, போதும்" என்றான் கணவன்.

அஞ்சை எடுத்து வைத்தாள். யாரோ எவரோ வைப்பது போலிருந்தது. பத்தாக்கினாள். விரட்டியதற்கு விலை கொடுப்பது போலிருந்தது. கடைசியில், மழைக்காலத்துக்குச் சேர்த்திருந்த கடலை அத்தனையையும் இலையில் கட்டினாள். கணவன் பார்த்தான். பொட்டலத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

கல்யாண மரத்தில் அணில்தான் மொய் வாங்கிக்கொண்டிருந்தது. காக்கை பொட்டலத்தை நீட்டியபோது மணப்பெண்ணே கிளை தாவி வந்தாள்.

"அணிலண்ணே, இவங்ககிட்ட வாங்காதீங்க."

காக்கை பொட்டலத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "கோபம் இருக்கத்தான் செய்யும் தாயி. நாங்க கிளம்பறோம்."

"எங்க கிளம்பறீங்க? அம்மா அப்பா யாராவது மொய் எழுதுவாங்களா? பொண்ணு வீட்டுக் கிளை காலியா கிடக்கு. அங்க நின்னு வர்றவங்களைக் கூப்பிடுங்க" என்றாள் புள்ளி.

கணவன்தான் முந்திப் பறந்துபோய், "வாங்க, வாங்க!" என்று தொண்டை கிழியக் கரைந்தான்.