மிக்ஸி ஓடும் நேரம்

தலையணையை மார்போடு இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

இருமல் தொண்டை வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போனது.

“மறுபடியும் முழுங்கிட்டீங்க” என்றாள் பிசியோதெரபி பார்க்கும் பெண். “நல்லாச் சத்தமா இருமுங்கக்கா. உங்களைப் பொண்ணு பார்க்கவா வந்திருக்காங்க?”

பக்கத்துக் கட்டிலில் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். விலாவில் தையல் சுருக்கென்றது.

நுரையீரலில் சீழ் பிடித்த பகுதியை வெட்டி எடுத்து நான்கு நாளாகிறது. மிச்சமிருப்பதில் சளி கட்டி நிற்கிறது. ஆழமாக மூன்று மூச்சு இழுக்க வேண்டும். மூன்றாவதைப் பிடித்து வைக்க வேண்டும். பிறகு இரும வேண்டும்.

சாயங்காலத்துக்குள் சளி வராவிட்டால் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எதிர்க் கட்டில் கிழவிக்கு நேற்று அதைச் செய்தார்கள். திரையை இழுத்து மூடிவிட்டார்கள். திரைக்குக் கீழே, பிடித்துக்கொண்டு நின்றவர்களின் செருப்புகள் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் அவை நகரவே இல்லை.

தையல் பிரிந்துவிடுமென்று பயப்படுகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைக்க விட்டாள்.

ஒன்றரை வருடமாக அவள் இருமியதே இல்லை.

அதாவது, யார் காதிலும் விழும்படி.

அவள் சமையல் வேலைக்குப் போகும் வீட்டில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை. முன்பிருந்த சமையல்காரி இரண்டு நாள் மூக்கை உறிஞ்சினாள். மூன்றாம் நாள் வேறு ஆள் பார்த்துவிட்டார்கள்.

அந்த வேறு ஆள்தான் இவள்.

மிக்ஸி ஓடும்போது இருமிக்கொள்வாள். அது நிற்பதற்குள் முடித்துவிடுவாள். மற்ற நேரத்தில் வந்ததையெல்லாம் விழுங்கினாள். போகப் போக, விழுங்குகிறோம் என்பதே தெரியாமல் போனது.

நான்கு மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள்.

அந்த வீட்டு அம்மா வந்தார். ஆப்பிள் பையை அலமாரியின் மேல் வைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவளுடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“எப்ப வர்றே மாராத்தா? உன்னாட்டம் வெண்ணெயா யாருமே சட்னி அரைக்கறதில்லை.”

நெஞ்சில் ஏதோ கட்டி என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தாள்.

“அடுத்த மாசம் வந்துர்றனுங்மா.”

வராந்தாவில் உறிஞ்சு குழாய் வைத்த தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம் கேட்டது. பிசியோதெரபிப் பெண் வேகமாக உள்ளே வந்து, அவள் முதுகைத் தாங்கிப் பிடித்தாள்.

“டாக்டர் வந்துட்டே இருக்காரு. கடைசியா ஒரு தடவை பார்த்துரலாங்கா.”

வலது கையால் தலையணையை அணைத்தாள். இடது கையை அம்மா விடவில்லை.

ஒன்று.

இரண்டு.

சக்கரச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது.

மூன்றாவதில் உள்ளே எதுவோ பிடி தளர்ந்தது.

இருமினாள்.

வார்டே திரும்பிப் பார்த்தது. அவளால் நிறுத்த முடியவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது, அடிவயிற்றிலிருந்து, யாருடைய குரலோ போல. கிண்ணத்தில் பழுப்பாக, கட்டியாக விழுந்தது.

“அப்படித்தான்! அப்படித்தாங்கா!”

கண்ணைத் திறந்தாள்.

இடது கை போர்வையின் மேல் தனியாகக் கிடந்தது.

அம்மா எழுந்து நின்றிருந்தார். முந்தானை மூக்கை மூடியிருந்தது.

“இந்த இருமல் எத்தனை நாளா இருக்கு?”

“இன்னும் கொஞ்சம் உள்ள நிக்குது. விட்டுராதீங்க” என்றாள் பிசியோதெரபிப் பெண்.

இருவரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

அவள் மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள்.