பெயர் மறைத்த ஒப்படை

“ஏழு காணும்,” என்று முணுமுணுத்தபடி பிரதீபன் கணினியில் நூற்றுக்கு ஏழு என்று தட்டினான். மூன்று கிழமையாக நெஞ்சுக்குள் எரிந்தது அப்போதுதான் கொஞ்சம் அடங்கியது.

பல்கலைக்கழகத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்த ஒப்படையை இன்னொருவர் பெயர் தெரியாமல் திருத்தும் பயிற்சி அது. முதல் சுற்றில் இவனுடையது றொமேசிடம் போனது. பெயர் மறைந்திருந்தாலும், இவன் ஊரான அக்கராயன் குளத்து வயல் என்றதும் றொமேசுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. முப்பத்தொன்று போட்டான், அதைக் கன்ரீனில் சொல்லியும் சிரித்தான். இன்னொருமுறை புள்ளி குறைந்தால் பிரதீபன் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

அதனால் இரண்டாவது ஒப்படையில் அவன் வெகு கவனம். காசுக்கு ஒப்படை எழுதிக் கொடுக்கும் நெளுக்குளத்து அண்ணை அதை வாட்ஸப்பில் அனுப்பியதும் பஸ்ஸுக்குள் இருந்தே தளத்தில் ஏற்றிவிட்டான். திறந்து பார்க்கக்கூட நேரத்தை வீணாக்கவில்லை.

இன்று திருத்தத் தொடங்குமுன் சுமித்திரா மிஸ் எல்லோருடைய போன்களையும் வாங்கி வைத்தார்.

“ஒருத்தரும் கதைக்கக் கூடாது. கூடப் போட்டால் நான் திரும்பப் பாப்பன். குறைச்சுப் போட்டால் அப்பிடியே விடுவன்.”

பக்கத்தில் இருந்த வினோஜா தனக்கு வந்ததைத் திறந்ததும் திகைத்துப்போய் மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் வாயில் விரலை வைத்தார்.

பிரதீபனுக்கு வந்தது கடலோரக் களப்பில் இறால் பிடிப்பதைப் பற்றிய ஒப்படை. வகுப்பில் முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை றொமேஸ் ஒருவன்தான். வகையாக மாட்டினான் என்று இவனுக்குச் சந்தோசம் பொங்கியது.

வரிக்கு வரி குறிப்பு எழுதினான். ‘இது சொந்தமாக எழுதியது இல்லை.’ ‘இதைத் தந்தவர் ஒருமுறைகூட வாசித்துப் பார்க்கவில்லை.’ கடைசியில்தான் அந்த ஏழு.

நேரம் முடிந்ததும் மிஸ் ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டு வந்து இவன் கதிரைக்குப் பின்னால் நின்றார்.

“ஏழோ?”

“ஓம் மிஸ். ஆளுக்கு வெக்கம் வரோணும்.”

“யோசிச்சுச் சொல்லும். மாத்த விருப்பமெண்டால் இப்ப மாத்தலாம்.”

“ஒரு புள்ளிகூடக் கூட்டமாட்டன் மிஸ்.” முன்வரிசையில் இருந்த றொமேசுக்குக் கேட்கும்படி சொன்னான்.

மிஸ் குனிந்து அந்த ஏழைத் தன் கையாலேயே பதிவு செய்தார்.

“நல்லது பிரதீபன். இண்டைக்கு எல்லாருக்கும் அவையவையின்ர ஒப்படையைத்தான் அனுப்பினனான்.”