இருமல் வண்டி

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க எடுத்துப்போன வண்டியைப் பல் டாக்டர் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கிய விதத்திலேயே டர்போவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தெருவுக்குள் நன்றாகத்தான் போகிறது, மெயின் ரோட்டில் காலை அழுத்தினால் இருமுகிறது, குலுக்குகிறது, நமக்கு ஒத்துவராது என்று பவ்வியமாகச் சொன்னார். சாவியை நீட்டிவிட்டு நடையைக் கட்டினார்.

"இதோட மூணு பேர் ஆச்சு," என்றாள் மனைவி, மகளின் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி. "விக்க மனசில்லாம நீங்களே ஏதோ பண்ணி வெக்கிறீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

டர்போ என்பது தெரு வைத்த பெயர். ஒரு சாதுவான காரை வாங்கி, பிரித்துப் போட்டு, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற டர்போவை மாட்டி, பாரம் குறையட்டும் என்று பின்சீட்டையும் கழற்றி எறிந்த மனுஷனை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? வீட்டில் மூன்று பேர், வண்டியில் இரண்டு சீட்டு. விற்றுத் தொலையுங்கள் என்று அவள் ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனும் ஒன்பது வருஷமாக இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுக்கொண்டிருந்தான்.

போன மாதம் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். புத்தகப் பையும் மகளும் மடியில் ஏறிக்கொள்ள, மனைவி மூச்சுவிட இடமில்லாமல் உட்கார்ந்து வந்ததைப் பார்த்து அவனுக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே விற்பனைக்கு விளம்பரம் கொடுத்துவிட்டான். விற்க மனசே இல்லைதான். ஆனாலும் அவள் சொன்ன பேச்சு ஒன்றையாவது கேட்டோம் என்று ஒரு திருப்தி இருந்தது.

அதற்கப்புறம்தான் வண்டிக்கு இந்த இருமல் வந்தது. இன்ஜினில் மாட்டிய டர்போ காற்றை ஊத ஆரம்பித்ததும் ஏதோ ஒரு சிலிண்டர் எரியாமல் மக்கர் பண்ணும். பெட்ரோல் ஃபில்டரை மாற்றிப் பார்த்தான். காற்றுக் குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவி, எங்காவது குமிழி வருகிறதா என்று குனிந்து குனிந்து தேடியதில் இடுப்புதான் பிடித்துக்கொண்டது. விற்பது வருத்தம்தான், அதைக்கூடத் தாங்கிக்கொள்வான். ஓட்டை வண்டி என்ற பெயரோடு அது தன் கையை விட்டுப் போவதைத்தான் தாங்க முடியவில்லை.

"மூணாவது சிலிண்டரைக் கொஞ்சி முடிச்சாச்சுன்னா சாப்பிட வரலாம்," என்று ஜன்னல் வழியாக மனைவியின் கேலி வந்தது. என்னவென்று தெரியாமலே மகளும் சேர்ந்து சிரித்தாள். அவன் பானெட்டை இறக்கிவிட்டுக் கை கழுவப் போனான்.

மறுநாள் காலையில் மச்சான் லேப்டாப்போடு வந்தான். மனைவியின் தம்பி, கார் சர்வீஸ் சென்டரில் வேலை. லேப்டாப் வயரை வண்டியில் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார, இருவரும் மெயின் ரோட்டில் ஒரு சுற்று போய்வந்தார்கள். நாலில் மூணாவதுதான் படுத்துகிறது என்று மச்சான் திரையைப் பார்த்துச் சொன்னான். பொறிக்கு மின்சாரம் தரும் அதன் காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டினார்கள். கோளாறு காயிலோடு இடம் மாறவில்லை, மூணாவதிலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றியும் அதே கதை.

"பிளக்கைக் கழட்டிப் பாத்தீங்களா மாமா?"

டர்போவுக்குச் சுருக்கென்றது. பிளக் நுனியில் பொறி பாய்கிற இடைவெளியை அவன் தகடு வைத்து அளந்து, தன் கையால்தான் சரிபண்ணுவான். அது கொஞ்சம் அகலமானாலும், உள்ளே அடிக்கிற காற்று வத்திக்குச்சியை ஊதுகிற மாதிரி பொறியை ஊதி அணைத்துவிடும் என்று வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக்கூட விடாமல் பாடம் எடுத்தவன். ஊரில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவன், தான் கைவைத்த பிளக்கை மட்டும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

முறைத்துக்கொண்டே கழற்றினான். தகட்டை வைத்தான். வேறொரு தகட்டை எடுத்து வைத்தான். இருக்கவேண்டிய இடைவெளியைப்போல இரண்டு மடங்கு இருந்தது.

மச்சான் நல்ல பிள்ளை. லேப்டாப்பை மூடி, அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டான்.

மனைவி வெளியே வந்தபோது டர்போ ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து பிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்னவென்று கேட்கக்கூட இல்லை, அவனாகவே ஆரம்பித்தான்.

"என் கை போச்சு. நாந்தானே அளந்து வெச்சேன்? கண்ணும் தெரியல, கையும் நிக்கல. இனிமே ஸ்பானரையே தொடமாட்டேன். பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு அப்படியே தூக்கிக் குடுத்துடறேன்."

இத்தனை வருஷத்தில் அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதேயில்லை. அவளுக்குப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பிளக்கை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உங்க கைக்கு ஒண்ணும் ஆகல. நீங்க சரியாத்தான் வெச்சிருந்தீங்க. நாந்தான் கழட்டி விரிச்சேன்."

டர்போ வாயைப் பிளந்தான். நிமிர்ந்து வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஒன்பது வருஷமாக விற்கச் சொல்லி உயிரை எடுத்தது நீதானே என்று ஒருவழியாகக் கேட்டான்.

"சொன்னேன். நீங்க கேட்டுத் தொலைப்பீங்கன்னு யாரு கண்டா?"