தலைவர் மெஷினைத் தொடமாட்டார்

“அதைத் தொட்டா நீ கருங்காலி” என்றார் தலைவர்.

கண்டக்டர் நீட்டிய விரலை அப்படியே மடக்கிக்கொண்டார்.

தலைவர் என்றால் பஸ் டிப்போ ஊழியர் சங்கத் தலைவர். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு இருவரும் அந்த ஓட்டலுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். வாசலருகே ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின் நின்றது. படத்தைத் தொட்டால் ஆர்டர் போய்விடும். நம்பர் வந்ததும் நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

“எல்லாரும் இதுல ஆர்டர் பண்ணிட்டா, பரிமாற வர்ற அந்தப் பொண்ணை எதுக்கு வச்சிருப்பான்? அடுத்த மாசமே வீட்டுக்கு அனுப்பிடுவான்.”

நியாயம்தான். ஆனால் கண்டக்டருக்குப் பசி காதை அடைத்தது. தலைவர் கை கழுவப் போன சமயம் பார்த்து மெஷினைத் தொட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்தார். நம்பர் வந்து, சூப்பையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தபோது குட்டு உடைந்தது. தலைவர் அந்தச் சூப்பைத் துரோகியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பிறகு மேஜை மேலிருந்த மணியை அழுத்தினார். அந்தப் பெண் புறங்கையால் வாயைத் துடைத்தபடி ஓடிவந்தாள்.

தலைவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற ஆள் இல்லை. முதல் மணிக்குச் சூப். அடுத்த மணிக்கு மிளகுத்தூள். மூன்றாவது, வெங்காயம் போடாத ஆம்லெட். வெங்காயம் இருந்தாலும் பரவாயில்லை என்று சொல்ல இன்னொரு மணி. வெந்நீருக்கு ஒன்று, காபிக்கு ஒன்று.

ஒவ்வொரு தடவையும் கண்டக்டரை ஒரு பார்வை பார்த்தார். ஒரு ஆளுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது பார் என்று அர்த்தம்.

அவள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

“கவலைப்படாதம்மா. நான் வந்துட்டிருக்கிற வரைக்கும் உன் வேலைக்கு ஆபத்தில்ல.”

“ரொம்ப நன்றிங்க ஐயா.”

கண்டக்டருக்கு வெட்கமாகிவிட்டது. நாளைக்கே பஸ்ஸில் இப்படி ஒரு மெஷினை வைத்தால் தன்னை யார் சீந்துவார்கள்? தலைவர் போன் பேச வெளியே போனதும், ஒரு மன்னிப்பாவது கேட்டுவிடலாமென்று கவுண்டர் பக்கம் போனார்.

கவுண்டருக்குப் பின்னால், ஸ்டூல் மேல் திறந்த டிபன் பாக்ஸ். பாதிச் சாதம் அப்படியே இருந்தது. அவள் அதை மூடிக்கொண்டிருந்தாள்.

“சாப்பிடலையாம்மா?”

“மூணுலேர்ந்து மூணரை வரைக்கும்தான் சார் எனக்குச் சாப்பாட்டு நேரம். முடிஞ்சிடுச்சு. மணி அடிச்சா போய்த்தானே ஆகணும்?”

கண்டக்டர் தங்கள் மேஜை மேலிருந்த மணியைத் திரும்பிப் பார்த்தார்.

“முன்னாடியெல்லாம் நின்னுக்கிட்டே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடுவேன். இந்த மெஷின் வந்தப்புறம்தான் சார் உட்கார்ந்து சாப்பிடறேன்.”

“அப்போ உன் வேலை?”

“அதுக்கென்ன? சமையல்கட்டு வேலையும் இப்ப நான்தான் பார்க்கறேன். என்னை அனுப்பிட்டா இவங்களுக்குத்தான் கஷ்டம்.”

கண்டக்டர் வாசல் பக்கம் திரும்பினார். “இரும்மா, இப்பவே அவர்கிட்ட சொல்றேன்.”

“ஐயோ, வேணாம் சார்” என்று குறுக்கே வந்து நின்றாள் அவள். “எனக்காகத்தான் டிப்போ கேன்டீனை விட்டுட்டு, தினமும் இந்த வெயில்ல இவ்வளவு தூரம் நடந்து வர்றாராம். தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவாரு, பாவம்.”