காலி போர்டு

"சார், வேலைக்கு நோட்டீஸ் ஏதாச்சும் வந்திருக்கா?"

வில்லாபுரத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள் தேவிகா.

"ஒண்ணும் வரல," என்றார் நூலகர் ஹரிநாராயணன். "வந்தா மட்டும் கிழிச்சிருவீகளாக்கும்! ஃபேன் காத்து வாங்க வார கூட்டத்துக்கு வேலை ஒரு கேடா?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மறுவாரம் அவர் மகன் சாய்பிரசாத், இன்டர்வியூவுக்குப் போன கையோடு நூலகத்துக்கே வந்தான்.

"வேலை கெடைச்சிருச்சா?"

"இன்டர்வியூவே நடக்கலப்பா. மூணு பேராச்சும் வரணுமாம். நான் ஒருத்தன்தான் போயிருந்தேன். அடுத்த வாரம் மறுபடி வைக்கிறாங்களாம்."

"மத்தவய்ங்க எங்க போனாய்ங்க? சோம்பேறிப் பயலுக!"

சாய்பிரசாத்துக்குக் கோபத்தில் சுற்றியிருந்தவர்கள் கண்ணில் படவில்லை.

"போர்டுல ஒட்டச் சொல்லி வந்த நோட்டீஸை எங்கிட்ட மட்டும் கொண்டாந்து குடுத்தீங்க. வேற எவன் வருவான்?"

தேவிகா எழுந்து வந்தாள்.

"இன்னும் ரெண்டு பேர்தான வேணும்? ஃபேன் காத்து வாங்குறவுக பரவாயில்லையா சார்?"